பதினோரு தவறுகள்

இந்த வருடம் ரிசல்ட் வந்த வாரத்தில் எங்களுக்கு ஒரு போன் வந்தது. பேசியது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு தம்பி. நல்ல மதிப்பெண். பள்ளிக்குப் போன இடத்தில் ஆசிரியர் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்: “உண்மையச் சொல்லுடா, யாரைப் பார்த்து எழுதின?” எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவனும் சிரித்திருக்கிறான். அன்று இரவு பதினோரு மணிக்கு எங்களிடம், “அக்கா, நான் ஏன் சிரிச்சேன்?” என்று கேட்டான்.

அவனுக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. 2010-ல் எங்களுக்கு நடந்ததை இதுவரை எங்கும் எழுதியதில்லை. அவனுக்காக இப்போது எழுதுகிறோம்.

நாங்கள் இரண்டு பேர். எங்கள் அம்மாக்கள் அக்கா தங்கை. நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒட்டினாற்போல் இரண்டு வீடு. ஒருத்தியின் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. இன்னொருத்தியின் அப்பா நகராட்சியில் துப்புரவுப் பணி. எங்களுக்குள் எட்டு மாதம்தான் வித்தியாசம். ஒரே அரசுப் பள்ளி, ஒரே வகுப்பு. இரவில் பெரியம்மா வீட்டு டியூப் லைட்டுக்குக் கீழே ஒரே பாயில் உட்கார்ந்து படிப்போம். ஒருத்தி கேள்வி வாசிப்பாள், மற்றவள் விடை சொல்வாள். பிறகு மாற்றிக்கொள்வோம்.

பிளஸ் டூ முடித்ததும் ஒரு கல்லூரி தானே நடத்திய நுழைவுத் தேர்வுக்கு இருவரும் விண்ணப்பித்தோம். கல்லூரியின் பெயர் வேண்டாம். கோச்சிங் போக வசதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போய் நாற்பது ரூபாய்க்கு ஒரு பழைய வினா வங்கி வாங்கினோம். கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன. விடைகள் இருந்தது அந்தப் பக்கங்களில்தான். ஆனால் அந்தப் புத்தகத்தை வைத்திருந்த யாரோ ஒருவர் நீல மையில் ஒவ்வொரு கேள்விக்கும் டிக் போட்டிருந்தார். “நமக்கு விடைத்தாள் இல்லன்னாலும் டிக் இருக்கே” என்று சந்தோஷப்பட்டோம். பள்ளிப் புத்தகத்தில் தேடிக் கிடைத்ததைச் சரிபார்த்தோம். கிடைக்காத இடத்தில் அந்த நீல டிக்கை நம்பினோம். மூன்று மாதத்தில் புத்தகம் முழுக்க மனப்பாடம்.

விண்ணப்பத்தை ஒன்றாகக் கொடுத்ததால் அடுத்தடுத்த எண். தேர்வறையில் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி. 120 கேள்வி, நான்கு விடையில் ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். வினா வங்கியில் படித்த கேள்விகள் நிறைய வந்திருந்தன. வெளியே வந்து ஆளுக்கு ஒரு சர்பத் குடித்தோம்.

முடிவு ஒட்டிய அன்று எங்கள் இரண்டு எண்களுக்கும் நேராக மதிப்பெண் இல்லை. “நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது” என்று இருந்தது. அலுவலகத்தில் கேட்டபோது, “சார் வரட்டும், உக்காருங்க” என்றார்கள். இரண்டரை மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். மேசையில் எங்கள் விடைத்தாள்களின் நகல்கள். சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. ஒருத்திக்கு 84, மற்றவளுக்கு 81.

“பதினோரு கேள்விம்மா. பதினொண்ணுலயும் ரெண்டு பேரும் ஒரே தப்பு. சரியான விடை ஒண்ணா இருந்தா பரவால்ல. தப்பு எப்படி ஒண்ணா வரும்?”

கேள்வி நியாயமானதுதான். அதை இன்றும் ஒத்துக்கொள்கிறோம். முன்னும் பின்னும் உட்கார்ந்த இருவரின் தவறுகள் பொருந்தினால் எந்தத் தேர்வு அலுவலருக்கும் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். நாங்கள் வாய் திறப்பதற்குள் அவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். சாதிச் சான்றிதழ் இருந்த பக்கத்தில் நின்றார். “ரெண்டு பேரும் ஒரே காலனியா?” என்றார். எங்கள் தெருவின் பெயரில் காலனி என்ற சொல்லே கிடையாது. பிறகு மெதுவாகச் சொன்னார்: “உங்களுக்குத்தான் கோட்டா இருக்கே. எப்படியும் சீட்டு கிடைக்கும். எதுக்கு இந்த வேலை?”

நீல டிக் போட்ட புத்தகத்தைப் பற்றிச் சொன்னோம். அவர் சிரித்தார். புத்தகத்தை அதற்குள் பக்கத்துத் தெரு தம்பி ஒருவனுக்குக் கொடுத்திருந்தோம். ஓடிப்போய் வாங்கி மறுநாள் கொண்டு வந்தோம். வட்டம் போட்ட கேள்விகளில் எங்களுக்கு நினைவிருந்தவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினோம். இதயத் துடிப்பைத் தொடங்கி வைப்பது எந்தக் கணு என்ற கேள்விக்கு, எஸ்.ஏ. கணு என்று இருக்க வேண்டிய இடத்தில் ஏ.வி. கணு என்பதற்கு நேராக நீல டிக். எங்கள் இரண்டு தாளிலும் ஏ.வி. கணுதான். முகம் தெரியாத யாரோ ஒருவருடைய தவறுகளை நாங்கள் மூன்று மாதம் உட்கார்ந்து மனப்பாடம் செய்திருந்தோம். அவர் புத்தகத்தை மூடி எங்கள் பக்கம் தள்ளினார். “இந்த டிக்கை நேத்து ராத்திரி கூட போட்டிருக்கலாம்” என்றார்.

மறுதேர்வு எழுதினால் பார்க்கலாம் என்றார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. குற்றச்சாட்டு என்ன, எந்த விதிப்படி மறுதேர்வு, எழுதாவிட்டால் என்ன ஆகும், எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை வரச் சொன்னது மட்டும்தான்.

அந்த நான்கு நாளில்தான் எங்கள் இருவருக்குள்ளும் சண்டை வந்தது. எழுதக் கூடாது என்றாள் ஒருத்தி. எழுதினால் நாம் செய்தோம் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும் என்பது அவள் வாதம். எழுதாவிட்டால்தான் செய்தோம் என்று ஆகும் என்றாள் மற்றவள். வீட்டில் அப்பாக்கள், “எழுதிடுங்க பாப்பா, நமக்கு எதுக்கு வம்பு” என்றார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: “நிஜமாவே பாத்து எழுதலையே?” எங்களைத் தூக்கி வளர்த்தவர். அந்தக் கேள்வி அலுவலகத்தில் கேட்டதைவிட அதிகம் வலித்தது. வெளியில் எவனோ ஒருவன் கிளப்பிய சந்தேகம் நான்கே நாளில் எங்கள் அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

எழுதினோம். இரண்டு தனி அறை, வேறு வினாத்தாள், ஆளுக்கு ஒரு கண்காணிப்பாளர். அதற்குள் டியூஷன் எடுக்கும் ஒரு அண்ணனிடம் உட்கார்ந்து நீல டிக்குகள் அத்தனையையும் சரிசெய்திருந்தோம். ஒருத்திக்கு 79, மற்றவளுக்கு 86. பொருந்திய தவறுகள் இரண்டே இரண்டு. அந்த அலுவலர் தாள்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாத்தீங்களா? தனித்தனியா உக்காந்தா தப்பும் தனித்தனியாத்தான் வருது.”

எங்களைக் குற்றமற்றவர்கள் என்று காட்ட வேண்டிய தாள்கள் அவர் கையில் முதல் சந்தேகத்துக்குச் சாட்சியாக மாறிவிட்டன. இடம் கிடைத்தது. மன்னிப்பு கிடைக்கவில்லை, ஒரு வரி விளக்கமும் இல்லை. நாங்கள் படித்து முடித்து வெளியே வரும்வரை அங்கே சிலருக்கு நாங்கள் “அந்த ரெண்டு பேர்” தான்.

கல்லூரியில் எங்களோடு கீழ்ப்புத்துப்பட்டு அகதி முகாமிலிருந்து வந்த ஒரு தோழி படித்தாள். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, “எங்கட தாத்தா காலத்தில இது முழுச் சனத்துக்கும் நடந்தது” என்றாள். பிறகு தேடிப் படித்தோம்.

இலங்கையில் 1970-ல் நடந்தது அது. அதுவரை பல்கலைக்கழகத்தில் சேர உயர்தரத் தேர்வு மதிப்பெண் ஒன்றே அளவுகோல். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் தேறியவர்களில் தமிழ்மொழி மூலம் எழுதியவர்கள் அதிகமாக இருந்தார்கள். உடனே ஒரு பேச்சு கிளம்பியது: தமிழ்த் தாள்களைத் திருத்திய தமிழ் ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணை அள்ளிப் போட்டுவிட்டார்கள். அது நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அடுத்த சேர்க்கையில் மருத்துவத்துக்கு 400 மதிப்பெண்ணில் சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும் என்று ஆனது. பிறகு வந்த தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்து, 1969-ல் அறிவியல் படிப்புகளில் சேர்ந்தவர்களில் 27.5 விழுக்காடாக இருந்த வட மாகாணத்தின் பங்கு 1974-ல் 7 விழுக்காடாக இறங்கியது. யார் காப்பியடித்தார் என்று ஒரு மாணவனைக்கூடச் சுட்டிக் காட்டாமல், ஒரு மொழியில் எழுதிய எல்லாரையும் மறுதேர்வு அறையில் உட்கார வைத்தது போன்ற ஏற்பாடு அது.

இதைச் சொன்னதும் சிலர் கிளம்பி வருவார்கள்: “அப்படின்னா உங்க இடஒதுக்கீடும் அதே மாதிரிதானே?” இல்லை. இடஒதுக்கீடு, தலைமுறை தலைமுறையாக மூடி வைத்த கதவை ஊரறியத் திறப்பது. அரசியலமைப்பில் எழுதி, காரணம் சொல்லித் தருவது. மாவட்ட ஒதுக்கீட்டால் முல்லைத்தீவு போன்ற பின்தங்கிய தமிழ்ப் பகுதிப் பிள்ளைகளுக்கும் வழி திறந்தது. அதில் பேச வேண்டிய நியாயம் வேறு. நாங்கள் எதிர்ப்பது அந்த முதல் அடியை. நிரூபிக்காத சந்தேகத்தை எடுத்து ஒரு மொழிக்குத் தனி கட்-ஆஃப் ஆக்கிய அடியை.

இன்னொன்றையும் மறைக்க மாட்டோம். அதே யாழ்ப்பாணத்தில் 1930 வாக்கில், பள்ளியில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற உத்தரவு வந்தபோது பள்ளிகள் கொளுத்தப்பட்டன. நம் பிள்ளை தரையில்தான் உட்கார வேண்டும் என்று சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள், நாற்பது வருடம் கழித்துத் தங்கள் தாளைச் சந்தேகப்படுவதன் வலியை அறிந்தார்கள். நமக்கு அதில் மகிழ்ச்சி எதுவும் இல்லை. அந்த வலியைத் தெரிந்துகொண்ட பிறகும் சாதி அங்கே போகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

விடுதியில் ஒரு நாள் ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ என்ற 1988-ஆம் ஆண்டு அமெரிக்கப் படத்தை ஒரு மேடம் போட்டுக் காட்டினார். பாதியில் எங்களில் ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் கார்ஃபீல்டு என்ற பள்ளி. மெக்சிகோ வழிவந்த ஏழைப் பிள்ளைகள் படிப்பது. பொலிவியாவிலிருந்து வந்த ஹைமே எஸ்கலாந்தே அங்கே கணக்கு ஆசிரியர். கல்லூரிப் பாடமான கால்குலஸைப் பள்ளியிலேயே எழுதித் தேறும் ஏ.பி. தேர்வை 1982-ல் அவருடைய மாணவர்கள் 18 பேர் எழுதினார்கள். 18 பேரும் தேர்ச்சி. தேர்வு நடத்திய எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் அதில் 14 பேரைச் சந்தேகித்தது. காரணம் எங்கள் காரணமேதான்: தவறுகள் ஒன்றுபோல் இருந்தன. ஒரே ஆசிரியரிடம் ஒரே முறையில் படித்தவர்கள் ஒரே மாதிரி தடுமாறுவார்கள் என்ற வாதம் எடுபடவில்லை. 14 பேரில் 12 பேர் கோடையில் மறுபடி எழுதினார்கள். 12 பேரும் தேறினார்கள்.

படம் அந்த வெற்றியோடு முடிகிறது. எங்களுக்கு நினைவில் நிற்பது மறுபடி எழுதாத அந்த இரண்டு பேர். அவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை. மறுதேர்வு எழுதித் தேறியவர் கதாநாயகர் ஆகிறார். “என்னை ஏன் மறுபடி எழுதச் சொல்கிறாய்?” என்று கேட்டு எழுந்து போனவர் பட்டியலிலிருந்து மறைந்துபோகிறார். எங்களில் எழுதக் கூடாது என்று சொன்னவள் அந்த இருவரில் ஒருத்தியாக ஆகியிருப்பாள். அவள் சொன்னதும் சரிதான் என்று மற்றவளுக்குப் புரிய ஆறேழு வருடம் ஆயிற்று.

இன்று தேர்வு வாசலில் எல்லாரையும் திருடர்களாகத்தான் பார்க்கிறார்கள். 2017 மே மாதம் நீட் தேர்வில் முழுக்கைச் சட்டையை வெட்டியதையும், கண்ணூரில் ஒரு மாணவியின் உள்ளாடையைக் கழற்றச் சொன்னதையும் மறந்திருக்க மாட்டீர்கள். இத்தனை சோதனைக்கும் பிறகு 2024 நீட் தேர்வில் ஹசாரிபாக்கிலும் பாட்னாவிலும் வினாத்தாள் கசிந்தது உண்மை என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. தேனியில் 2019-ல் வெளிவந்த ஆள்மாறாட்ட வழக்கில் லட்சக்கணக்கில் பணம் கைமாறியதாகச் செய்தி வந்தது. பெரிய மோசடிக்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், தொடர்பு வேண்டும். நாற்பது ரூபாய்ப் புத்தகத்தில் அது நடக்காது. அந்த வழக்குகளில் பிடிபட்டவர்களை வைத்து, “உங்க ஆளுங்களே இப்படித்தான்” என்று அவர்கள் சாதியை யாராவது சொன்னார்களா? சொல்ல மாட்டார்கள். அவர்கள் செய்தது அவர்களோடு போகும். நாங்கள் செய்யாதது எங்கள் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. மறு வருடம் அதே தெருவிலிருந்து விண்ணப்பித்த ஒரு பெண்ணிடம், “அந்த ரெண்டு பேர் உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டிருக்கிறார்கள்.

2010-ல் எங்களுக்குத் தெரியாமல் போன சிலவற்றை இளைய தோழர்களுக்குச் சொல்லிவிடுகிறோம்.

ஒன்று. வாயால் சொல்லும் குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்ளாதீர்கள். “எழுத்தில் கொடுங்கள், எந்த விதி என்று எழுதுங்கள்” என்று கேளுங்கள். உத்தரப் பிரதேசத்தில் முறைகேடு செய்ததாகத் தேர்வு முடிவு ரத்து செய்யப்பட்ட மாணவர்கள் தொடுத்த வழக்கில், அவர்கள் தரப்பைக் கேட்காமல் அப்படிச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. எங்கள் அப்பாக்கள் சின்னப் பையன்களாக இருந்த காலம் அது. அரை நூற்றாண்டு கழித்தும் அந்தத் தீர்ப்பு எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

இரண்டு. அரசு அமைப்பு நடத்தும் தேர்வு என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் விடைத்தாளை நீங்கள் கேட்கலாம். திருத்திய விடைத்தாளைப் பார்க்கத் தேர்வு எழுதியவருக்கு உரிமை உண்டு என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில அமைப்புகள் விலக்கு கேட்கும். அதற்காகக் கேட்காமல் இருக்காதீர்கள்.

மூன்று. கல்லூரிக்குள் சாதிப் பாகுபாடு நடந்தால் புகார் வாங்க ஒரு அலுவலர் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-ல் விதி போட்டது. உங்கள் கல்லூரியில் அவர் யார் என்று கேளுங்கள். பல இடங்களில் பதில் வராது. அந்த மௌனத்தையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

நான்கு. தனியாகப் போகாதீர்கள். அன்று எங்களோடு ஒரு தோழரோ ஒரு வக்கீலோ வந்து வெறுமனே உட்கார்ந்திருந்தால்கூட, கோட்டா பற்றிய அந்த வாக்கியம் அந்த அறையில் வந்திருக்காது. அவருக்கு எங்கள்மேல் மரியாதை வந்திருக்காது, ஆனால் சாட்சி மேல் பயம் வந்திருக்கும்.

ஐந்து. மறுதேர்வு எழுதுவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எழுதினால் கோழை இல்லை. மறுத்தால் திருடர் இல்லை. எழுதுவதாக இருந்தால், “குற்றச்சாட்டை நான் மறுக்கிறேன், எதிர்ப்போடுதான் எழுதுகிறேன்” என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு எழுதுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் இன்று எங்கள் கையில் ஒரு தாளாவது இருந்திருக்கும். இப்போது இருப்பது அந்தப் புத்தகம் மட்டும்தான். ஏ.வி. கணுவுக்கு நேரே நீல டிக் இன்னும் மங்கவில்லை.

பெரியம்மா மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார். அதற்குச் சில மாதம் முன்பு ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, “அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்றார். எதைச் சொல்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. மூன்று பேருக்கும் தெரியும். எங்களுக்குக் கிடைத்த ஒரே மன்னிப்பு, அதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாதவரிடமிருந்து வந்தது.

தம்பி, நீ ஏன் சிரித்தாய் என்று கேட்டாய். எல்லாரும் சிரிக்கும்போது நீ மட்டும் சிரிக்காமல் நின்றால் குற்றவாளி மாதிரி தெரியும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லித் தராமலே அது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்காக உன்னையே நொந்துகொள்ளாதே. நாங்களும் அன்று அந்த அறையை விட்டு வெளியே வரும்போது, “தேங்க்யூ சார்” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தோம்.

அடுத்த முறை சிரிக்காதே. “நான் படிச்சு எழுதினேன் சார். சந்தேகம் இருந்தா எழுதிக் கொடுங்க” என்று சொல். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். எங்களுக்குப் போன் செய், நாங்கள் வந்து பக்கத்தில் உட்காருகிறோம்.

ஜெய் பீம்.